வார்டைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்

மண்டபத்தூரிலும் காரைக்கால் கரையோரத்தின் மற்ற மீனவக் கிராமங்களிலும் பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காகப் பணம் புரட்டப்போகும் பெற்றோருக்கும்,



ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிளஸ் டூ முடிவுகள் வருவதும் அதற்கு நடுவில், மே மாதத்தில்தான். கடலிலிருந்து வரவு நின்றுபோன நேரத்தில் கல்லூரிக்கு முன்பணம் கட்டவேண்டிய நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. நகை அடகுக்குப் போகிறது, வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது. அந்த நெருக்கடியில் "ஒரே வருடத்தில் நர்ஸ்", "ஆறு மாத நர்சிங் டிப்ளமோ, முடித்ததும் வேலை" என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. நான்கு வருடச் செலவு எங்கே, ஒரு வருடச் செலவு எங்கே! இந்த மடல் அந்தக் கணக்கைப் பற்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் ஒரு வருடத்தில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கும் படிப்புகளில் மிகக் குறுகியதே ஏ.என்.எம்., அதற்கே இரண்டு ஆண்டு. ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய நர்சிங், மருத்துவச்சி ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மேற்பார்க்கும் அமைப்பின் பெயர் மாறினாலும், பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸாக வேலை செய்ய முடியாது என்ற அடிப்படை மாறவில்லை. மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் ஏறினால்தான் ஒருவர் பதிவுபெற்ற செவிலியர். ஓராண்டுச் சான்றிதழை எந்தக் கவுன்சிலும் அந்தப் பதிவுக்கு ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு நர்ஸ் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், கவுன்சில் பதிவு இல்லாத விண்ணப்பத்தைப் பார்ப்பதே இல்லை.

அப்படியென்றால் விரைவுப் படிப்பு என்பதே ஏமாற்றா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் உண்மையான விரைவு நர்சிங் படிப்பு இருக்கிறது. பெரும்பாலும் 11 முதல் 18 மாதத்தில் முடியும். அதில் சேர்பவர் ஏற்கெனவே வேறொரு பாடத்தில் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும், உடற்கூறியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களைப் பெரும்பாலும் முன்னதாகவே முடித்திருக்க வேண்டும். பொதுப்பாடங்கள் போய்விடுவதால் காலம் சுருங்குகிறது. வார்டில் நிற்கும் நேரத்தை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. விடுமுறையே இல்லாமல் அந்த மணிகளை நெருக்கி அடைத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், அமெரிக்க அரசு கேடட் நர்ஸ் படை என்ற பெயரில் இளம்பெண்களைத் திரட்டி அவசரமாகப் பயிற்சி கொடுத்தது. உள்நாட்டு மருத்துவமனைகளே நர்ஸ் இல்லாமல் தவித்த காலம் அது. அவ்வளவு அவசரத்திலும் 36 மாதப் பயிற்சியை 30 மாதமாகத்தான் குறைத்தார்கள். ஒரு பெரிய போருக்காக ஆறு மாதம் மட்டுமே குறைந்த ஒரு படிப்பு, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவரொட்டியில் ஆறு மாதத்துக்கே சுருங்கியது எப்படி என்று கேட்கத் தோன்றவேண்டும்.

நம் நாட்டிலும் கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு, 2021 ஜூனில், மத்திய அரசு ஒரு லட்சம் பேருக்குக் குறுகிய காலப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுப் பராமரிப்பு உதவி, அவசர சிகிச்சை உதவி, மாதிரி சேகரிப்பு உதவி என்று ஆறு வகை வேலைகள் அதில் இருந்தன. எல்லாமே உதவியாளர் வேலைகள். படித்தவர்களை நர்ஸ் என்று அரசு அழைக்கவில்லை. அந்த நேர்மை முக்கியம். முதியவரைக் குளிப்பாட்டி, உணவு கொடுத்து, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கும் உதவியாளர் வேலை கௌரவமானது. அதற்குச் சில மாதப் பயிற்சி போதும். அந்த வேலைக்கென்றே ஒருவர் படித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நர்ஸ் என்று சொல்லி உதவியாளர் பயிற்சியை விற்பதுதான் தவறு.

குறுக்குவழி எதுவரை போகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2023 ஜனவரியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. "ஆபரேஷன் நைட்டிங்கேல்" என்ற விசாரணையின் விவரத்தை வெளியிட்டது. புளோரிடா மாநிலத்தின் மூன்று நர்சிங் பள்ளிகள், சியென்னா கல்லூரி, பாம் பீச் நர்சிங் பள்ளி, சேக்ரட் ஹார்ட் இன்டர்நேஷனல் இன்ஸ்டிட்யூட், 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றிருந்தன. வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் டாலர் வரை கொடுத்திருந்தார்கள். வகுப்புக்கும் போகவில்லை, வார்டுக்கும் போகவில்லை. 25 பேர்மீது வழக்குப் பதிவானது. அதிர்ச்சி தருவது இன்னொரு எண்: சான்றிதழ் வாங்கியவர்களில் ஏறக்குறைய 2,400 பேர் அமெரிக்காவின் நர்ஸ் உரிமத் தேர்வில் தேறிவிட்டார்கள். கேள்விக்குச் சரியான விடையைக் குறிக்கத் தெரிந்தவர்கள் உரிய வார்டுப் பயிற்சி பெறவில்லை என்பதை எந்தக் கணினித் தேர்வும் கண்டுபிடிக்கவில்லை. தேர்வு முடிவை மட்டும் வைத்து ஒரு பள்ளியை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இங்கே நிலைமை இன்னும் கடினம். அமெரிக்காவில் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் முதல் முயற்சியில் எத்தனை சதவீதம் பேர் உரிமத் தேர்வில் தேறினார்கள் என்ற கணக்கை மாநில வாரியங்கள் வெளியிடுகின்றன. நம் நாட்டில் நர்சிங் பட்டதாரி பல்கலைக்கழகத் தேர்வில் தேறியதும் கவுன்சில் பதிவுக்குப் போய்விடுகிறார். பெற்றோர் ஒப்பிட்டுப் பார்க்கத் தேசிய அளவில் அப்படியொரு பட்டியல் இல்லை. அதனால் சேரும் முன்பே கண்ணால் பார்த்து அறியும் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழுகிறது.

மத்தியப் பிரதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். கட்டடமும் மருத்துவமனையும் இல்லாமல் நர்சிங் கல்லூரிகள் நடக்கின்றன என்று சட்டக் கல்லூரி மாணவர் சங்கம் ஒன்று ஜபல்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததும் வெளியே வந்தது. நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 308 கல்லூரிகளைப் பார்த்த சி.பி.ஐ., 169 தகுதியானவை, 74இல் குறைகள் உண்டு, 65 தகுதியே இல்லாதவை என்று அறிக்கை கொடுத்தது. அதோடு முடியவில்லை. 2024 மே மாதம், நல்ல அறிக்கை எழுதக் கல்லூரிகளிடம் லஞ்சம் வாங்கினார்கள் என்று அந்த ஆய்வில் ஈடுபட்ட அதிகாரிகளையே சி.பி.ஐ. கைது செய்தது. "தகுதியானவை" என்று பெயர்பெற்ற 169 கல்லூரிகளையும் மறுபடி ஆய்வு செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த இழுபறியில் தவறே செய்யாத ஆயிரக்கணக்கான மாணவர்கள் வருடக்கணக்கில் தேர்வு எழுத முடியாமல் காத்துக்கிடந்தார்கள். அங்கீகாரக் காகிதம் அவசியம்தான். ஆனால் காகிதத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அந்த மாணவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கல்லூரிக் கட்டடத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கண்ணாடி வரவேற்பறை, கம்ப்யூட்டர் லேப், விளக்கேற்றும் விழாவின் புகைப்படங்கள் எல்லாம் கல்லூரி காட்ட விரும்புபவை. நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பி.எஸ்சி. நடத்தும் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும், அதில் முக்கால்வாசிப் படுக்கையாவது நிரம்பியிருக்க வேண்டும் என்று கவுன்சில் விதிமுறை சொல்கிறது. ஒரு மாணவருக்கு மூன்று நோயாளி என்ற விகிதமும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மாணவர்கள் ஒரே நேரத்தில் போஸ்டிங்கில் நின்றால் 120 நோயாளிகள் வேண்டும். 60 இடமுள்ள கல்லூரியில் நான்கு ஆண்டும் சேர்ந்து 240 பேர் படிப்பார்கள். 75 நோயாளி இருக்கும் மருத்துவமனை மட்டும் அவர்களுக்குப் போதாது. வேறு எந்தெந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அதற்கு எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர், பஸ் யார் செலவு என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

காலை டியூட்டி மாறும் நேரத்தில் போவது நல்லது. இரவு நர்ஸ் காலை நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைப்பார். அந்த வேளையில் மாணவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நோயாளியின் கட்டில் அருகே குறிப்பெடுத்துக்கொண்டு நிற்கிறார்களா, அல்லது தாழ்வாரத்தில் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்களா? அவர்களோடு கல்லூரி ஆசிரியர் ஒருவராவது வந்திருக்கிறாரா? ரத்த அழுத்தம் பார்ப்பதும் படுக்கை விரிப்பதும் மட்டுமே மாணவர் வேலையாக இருக்கிறதா, மருந்து கணக்கிட்டுக் கலப்பதை யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்களா? ஆள் பற்றாக்குறையுள்ள சில தனியார் மருத்துவமனைகளில் மாணவர்களே சம்பளமில்லாத ஊழியர்களாக ஷிப்டை ஓட்டுவதும் உண்டு. அங்கே வேலை நிறைய இருக்கும், கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நல்ல பயிற்சி போலவே தெரியும்.

பிரசவ அறையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை பிரசவம் நடக்கிறது என்ற ஒரே கேள்வி போதும். மாணவர் தம் கையால் பார்க்கவேண்டிய பிரசவங்களுக்குப் பாடத்திட்டத்தில் எண்ணிக்கை உண்டு. மாதம் ஐந்தாறு பிரசவம் நடக்கும் மருத்துவமனையில் அறுபது பேருக்கு அந்த எண்ணிக்கை எங்கிருந்து வரும்? குழந்தைகள் வார்டு, தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, மனநலம், கிராமப்புறப் போஸ்டிங் என ஒவ்வொன்றுக்கும் எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். உண்மையாக நடத்தும் கல்லூரி சுழற்சி அட்டவணையை எடுத்து மேசைமேல் வைத்துவிடும்.

இவ்வளவு தூரம் வார்டைப் பிடித்துத் தொங்குவது ஏன் என்றால், உயிர் அங்கேதான் போகிறது, அங்கேதான் காப்பாற்றப்படுகிறது. பொட்டாசியம் குளோரைடு என்றொரு ஊசி மருந்து மருத்துவமனைகளில் இருக்கும். சலைனில் கலந்து மெதுவாக ஏற்றினால் அது உயிர் காக்கும். கலக்காமல் நேரே ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயத்தை நிறுத்திவிடும். அதன் ஆம்பூல் பார்வைக்கு வேறு சில சாதாரண மருந்துகளின் ஆம்பூலைப் போலவே இருக்கும். பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு அதிகமாகும்போது ரத்த அழுத்தம் உடனே இறங்காது, நாடித்துடிப்புதான் முதலில் ஏறும். அழுத்தம் நன்றாக இருக்கிறதென்று நகர்ந்துபோகும் கையும், நாடியை மறுபடி எண்ணிவிட்டு டாக்டரைக் கூப்பிடும் கையும் ஒரே பாடப்புத்தகத்தைத்தான் படித்திருக்கும். வித்தியாசம் எத்தனை நோயாளியைத் தொட்டுப் பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது. ஆறு மாதச் சான்றிதழோடு தனியார் நர்சிங் ஹோமில் வெள்ளைச் சீருடை போட்டு நிறுத்தப்படும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, இரவு இரண்டு மணிக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர ஒருவரும் இருப்பதில்லை. தவறு நேர்ந்தால் கேள்வி அவள் பக்கம்தான் திரும்பும்.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு கணக்கு. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. 240 பேர் படிக்கும் கல்லூரியில் 24 பேராவது இருக்க வேண்டும். பெயர்ப்பலகையில் எத்தனை பேர் என்று பார்ப்பதைவிட, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் "இந்த வாரம் யார் யார் பாடம் எடுத்தார்கள்?" என்று கேட்பது மேல். பதிவுபெற்ற நர்ஸ்களுக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் தனி அடையாள எண் தரப்படுகிறது. ஆசிரியர்களின் எண்ணைக் கேட்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஹாஸ்டல் சாப்பாட்டு நேரத்தில் இன்னொன்றையும் கேட்கலாம்: லாக் புக்கில் கையெழுத்து அன்றன்றைக்கு வாங்குகிறார்களா, தேர்வுக்கு முன் ஒரே நாளில் மொத்தமாகப் போட்டுத் தருகிறார்களா? பதில் சொல்லும் முன் அந்தப் பெண் சிரித்தால் விஷயம் விளங்கிவிடும்.

காகிதங்களும் பார்க்க வேண்டியவைதான். கல்லூரிக்கு எந்தப் பல்கலைக்கழக இணைப்பு, இந்தக் கல்வியாண்டுக்கு அது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை இடத்துக்கு அனுமதி, படித்து முடித்ததும் எந்த மாநிலக் கவுன்சிலில் பதிவாகும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். மண்டபத்தூர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். மண்டபத்தூர் புதுச்சேரியைச் சேர்ந்தது; நண்டலாற்றுச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. பஸ்ஸில் சில நிமிடப் பயணம்தான், ஆனால் அட்மிஷன் விதி, ஒதுக்கீடு, உதவித்தொகை எல்லாம் மாறிவிடும். புதுச்சேரி அரசின் இடங்கள் சென்டாக் எனும் மையச் சேர்க்கைக் குழு வழியாக நிரப்பப்படுகின்றன. அன்னை தெரசா சுகாதார அறிவியல் நிறுவனம் புதுச்சேரி அரசினுடையது. புதுச்சேரியிலுள்ள மத்திய அரசின் ஜிப்மரிலும் நர்சிங் கல்லூரி உண்டு. அரசு இடம் கிடைக்க வாய்ப்புள்ள பிள்ளைகூட, ஏஜென்ட் அவசரப்படுத்தியதால் தொலைதூர மாநிலத்துத் தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிட்டு அதை விடவும் முடியாமல் மாட்டிக்கொள்ளலாம். "இன்றைக்குக் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று ஒரு கல்லூரி சொன்னால், சேராமல் இருக்க அது ஒன்றே போதுமான காரணம்.

கட்டண விவரத்தை முதல் வருடத்துக்கு மட்டும் வாங்காதீர்கள். நான்கு வருடத்துக்கும், ஹாஸ்டல், சீருடை, போஸ்டிங் பஸ், தேர்வுக் கட்டணம், வெளி மருத்துவமனைக்குக் கட்டும் பணம் எல்லாம் சேர்த்து ஒரே தாளில், முத்திரையோடு வாங்குங்கள். படித்து முடித்ததும் அதே மருத்துவமனையில் வேலை பார்க்கவேண்டும் என்ற பாண்டு உண்டா என்றும் கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். கட்டணப் பாக்கிக்காக அவற்றைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

வெளிநாட்டுக் கனவு இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளின் சுகாதாரத் துறைகள் சான்றிதழைக் கல்லூரியிடமும் கவுன்சிலிடமும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கின்றன. கல்லூரி மூடிப்போயிருந்தால் பதில் சொல்ல ஆள் இருக்காது. பல நாடுகள் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று பாடவாரியாகக் கேட்கும். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஏராளம். பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பொதுநர்ஸ் பயிற்சி குறைந்தது மூன்று ஆண்டும் 4,600 மணி நேரமும் இருக்கவேண்டும், அதில் பாதியாவது நோயாளியிடம் கழிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் ஆறு மாதச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பில்லை. வெளிநாட்டு வேலைக்குத் தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அது வெளியிடும் நர்ஸ் வேலை அறிவிப்புகளைப் படித்தாலே என்ன படிப்பு, எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

பணமும் காலமும் உண்மையிலேயே இடிக்கிறது என்றால் நேர்மையான வழி ஒன்று உண்டு. பிளஸ் டூவில் அறிவியல் படிக்காதவர்களும் ஆங்கிலத்தோடு 40 சதவீத மதிப்பெண் இருந்தால் ஜி.என்.எம். சேரலாம். மூன்று ஆண்டில் பதிவுபெற்ற நர்ஸாக வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டு, பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம். மொத்தம் ஐந்து ஆண்டு ஆனாலும் நடுவில் வீட்டுக்கு வருமானம் வரும். ஏற்கெனவே ஓராண்டுச் சான்றிதழ் வாங்கி நர்சிங் ஹோமில் வேலை பார்க்கும் பெண்களுக்கும் இதே வழிதான். அந்த ஓராண்டு கணக்கில் சேராது, ஆனால் பிளஸ் டூ தேறியிருந்தால் ஜி.என்.எம். சேருவதற்கு அது தடையும் இல்லை. பழக்கப்பட்ட கை என்பதால் வார்டில் அவர்கள் மற்றவர்களுக்கு முன்னால் நிற்பார்கள்.

காரைக்கால் அரசு மருத்துவமனையில் பணிபுரியும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரிடம், முதலில் இரண்டு கல்லூரிகளின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கல்லூரி மாணவர்கள் வேலை தெரிந்து வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதன் பிறகு கல்லூரிக்குப் போகலாம். சென்டாக் கலந்தாய்வு முடியும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம், மாற்றுச் சான்றிதழும் வீட்டிலேயே இருக்கட்டும்.